மூன்றாம் நாள் ரீடிங்

2003ஆம் வருஷம், மாசி மாதம். பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தேன். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கல்லூரிக்குப் போன முதல் வாரமே நான் இங்கிலீஷ் பேசியதைக் கேட்டு நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குப் பிடித்த வைராக்கியம் ஐந்து வருஷமாகியும் இறங்கவில்லை. நான் கொஞ்சம் ரோஷக்காரி. எங்கள் வீட்டில் கேட்டால் "கொஞ்சமா?" என்பார்கள்.

அந்த ரோஷத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி வந்தது. கடைசி செமஸ்டரில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்து, அதைத் துறை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது மேடையில் நின்று விளக்க வேண்டும். எந்த ஜோடி நன்றாகச் செய்கிறதோ அவர்களைத் திருச்சியில் பல்கலைக்கழகம் நடத்தும் மாணவர் ஆய்வரங்கத்துக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னோடு சேர்ந்தவள் உடையார்பாளையத்துப் பெண். வீட்டில் முந்திரி விவசாயம், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பேச்சு குறைவு. எதையும் நிதானமாகத்தான் செய்வாள். நான் ஒரு சோதனையை முடித்து, கேன்டீனில் டீ குடித்துத் திரும்பினாலும் அவள் அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் ரீடிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இவளோடு மாட்டிக்கொண்டோமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

எங்கள் புராஜெக்ட் கரும்பைப் பற்றியது. யோசனை என்னுடையது. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்கள் வழியெல்லாம் நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்துத் தோன்றியது. வெட்டிய கரும்பு காத்துக்கிடந்தால் நாளுக்கு நாள் எவ்வளவு சர்க்கரை குறையும்? இதைக் கண்டுபிடிக்க லேபில் ஒரு கருவி உண்டு. போலாரிமீட்டர் என்போம். சர்க்கரைத் தண்ணீர் வழியாக ஒருவகை ஒளியை அனுப்பினால் அது கொஞ்சம் திரும்பும். எத்தனை டிகிரி திரும்புகிறது என்று பார்த்தால் எவ்வளவு சர்க்கரை என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் விஷயம்.

கரும்பை லேப் வராந்தாவில் போட்டு, ஆறு நாள், தினமும் காலையில் ஒரு கட்டை எடுத்துச் சாறு பிழிந்து ரீடிங் எடுத்தோம். பிழிந்து கொடுத்தவர் பஸ் ஸ்டாப்பில் ஜூஸ் கடை வைத்திருந்த அண்ணன். முதல் நாள் பழக்கதோஷத்தில் எலுமிச்சம்பழத்தையும் இஞ்சியையும் நடுவில் சொருகிவிட்டார். அதை நாங்களே குடித்துவிட்டு மறுபடி பிழியச் சொன்னோம்.

மூன்றாம் நாள் நான் வரவில்லை. திருமழபாடியில் சித்தி மகனுக்குக் காதுகுத்து. அன்றைக்கு அவள் தனியாக ரீடிங் எடுத்தாள். மறுநாள் நோட்டைப் பார்த்தால், சர்க்கரை குறைந்திருக்க வேண்டிய இடத்தில் கூடியிருந்தது. நாலாம் நாளிலிருந்து எடுத்ததெல்லாம் பழையபடி இறங்கியது. நடுவில் இது மட்டும் ஒட்டகத்தின் முதுகு மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். லேபில் நின்று பழகியவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். என்ன விடை வர வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதிக்கொள்வது எங்களுக்குள் சர்வ சாதாரணம். கிராஃபில் ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகிப் போனால், அதை அழித்துக் கோட்டின்மேல் உட்கார வைத்துவிடுவோம். சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். தப்பு செய்கிறோம் என்றுகூட யாருக்கும் தோன்றாது.

நானும் அதைத்தான் செய்தேன். அவள் எங்கேயோ தப்பாகப் பார்த்திருக்கிறாள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் முடிவு கட்டினேன். ரஃப் நோட்டில் அவள் எழுதியது அப்படியே இருந்தது. ஃபேர் நோட்டில் நான் வேறு எண்ணை எழுதினேன். வீட்டில் உட்கார்ந்து, புரொஜெக்டரில் போட்டுக் காட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டில் சிவப்புப் பேனாவால் அழகாக ஒரு கோடு இறக்கினேன். ஆறு புள்ளியும் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்தன. அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

புதன்கிழமை எங்கள் முறை. இங்கிலீஷில் பேச வேண்டியது முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது உட்பட. இன்னொரு ஏற்பாடும் உண்டு. பேசி முடித்ததும் ஜூனியர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்பது துறைத்தலைவர் போட்ட விதி. அதனால் என்ன கேட்க வேண்டும் என்று நாங்களே சீட்டு எழுதி, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து ஜூனியர்கள் கையில் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். பதிலும் மனப்பாடம்தான்.

தடுமாறாமல் பேசினேன். அவள் பக்கத்தில் நின்று ஷீட் மாற்றிக்கொண்டிருந்தாள். கிராஃப் சுவரில் விழுந்தபோது அவள் கை ஒரு நொடி நின்றது. அப்போதுதான் அந்தக் கோட்டை முதல்முறையாகப் பார்க்கிறாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

கேள்வி நேரம் வந்தது. சீட்டு வைத்திருந்த ஒரு ஜூனியர் பெண் எழுந்து படித்தாள், நான் பதில் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"அக்கா, இன்னொன்னு கேக்கலாங்களா? நான் எறையூருக்கா. எங்க வூட்டுலயும் கரும்புதான் போடுறோம். வெட்டிப் போட்டு ரெண்டு நாள் வெயில்ல கெடந்தா கரும்பு வாடிப் போகும்ல. அப்ப புழிஞ்சா சாறு கம்மியா வரும், ஆனா இனிப்பு தூக்கலா இருக்கும். உங்க கிராஃப்ல அது எங்கயுமே காணுமே?"

வாடும். தண்ணீர் குறையும். சாறு கெட்டியாகும். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மனப்பாடம் செய்த இங்கிலீஷில் இதற்குப் பதில் இல்லை.

துறைத்தலைவர் சும்மா விடவில்லை. ரஃப் நோட்டைக் கேட்டார். புரட்டினார். மூன்றாம் நாள் பக்கத்தில் விரலை வைத்து, "இதுல ஒண்ணு இருக்கு, சுவத்துல வேற ஒண்ணு இருக்கேம்மா" என்றார்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறது. "அன்னைக்கு நான் வரலைங்க சார். இவதான் எடுத்தா. தப்பா பாத்துட்டா போலருக்கு" என்றேன்.

ஐம்பது பேருக்கு முன்னால் பழியைத் தூக்கி அவள்மேல் போட்டுவிட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினாள். "மூணு தடவ பாத்தேங்க சார். மூணு தடவையும் அதான் வந்துச்சு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எண்ணை மாற்றியது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. நான்தான் மாற்றினேன், கோடு நேராக வர வேண்டும் என்பதற்காக மாற்றினேன் என்று சொல்லிவிட்டேன், தமிழில். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துறைத்தலைவர் கத்தவில்லை. அந்த ஷீட்டை எடுத்துவிடச் சொன்னார். அடுத்த புதன்கிழமை திருச்சிக்குப் பெயர் அனுப்ப வேண்டும், அதற்குள் நிஜமாக ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அடுத்த ஜோடி போகும் என்று சொல்லிவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டார்.

கையில் ஆறே நாள். சோதனைக்கும் ஆறு நாள் வேண்டும். ஒரு நாள் தவறினாலும் போச்சு. வெளியே வந்து அவளிடம், மறுபடி முதலிலிருந்து செய்வோம் என்றேன். "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை காலையில், நான் கேட்டுக்கொண்டபடி அந்த எறையூர்ப் பெண், தன் வீட்டில் விடியற்காலை வெட்டிய கரும்பைப் பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தாள். கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆறு கட்டாகக் கட்டினோம். இந்த முறை ஒவ்வொரு கட்டையும் எடை போட்டோம், எவ்வளவு சாறு வருகிறது என்றும் அளந்தோம். நானே ஒரு விதி வைத்தேன். ரீடிங் பார்ப்பது அவள், எழுதுவது நான். முந்தின நாள் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. அழிரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சோதனையாகவே வந்தது. லேப் சாவியை முந்தின நாளே கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன். ஜூஸ் கடை லீவு என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. கடை மூடிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டே அந்த அண்ணன் வீட்டுக்குப் போனோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு வந்துவிட்டார். "படிப்புக்குத்தானே கேக்குறீங்க, வாங்க" என்று கடையைத் திறந்து சக்கரத்தைச் சுற்றினார். "எலுமிச்சம்பழம் போடலம்மா, பயப்படாதீங்க" என்றார். அவள் சிரித்துவிட்டாள். நாலு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல்முறை, அதுவும் அவரைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை ஆறாவது ரீடிங். அதன் பிறகு எல்லாப் பக்கத்தையும் பிரித்து, இருவரும் உட்கார்ந்து கிராஃப் போட்டோம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இனிப்பு ஏறியிருந்தது, பிறகு இறங்கியிருந்தது. அதே ஒட்டக முதுகு. சாறு மட்டும் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வந்தது. இரண்டையும் பெருக்கினால் கரும்பில் மிஞ்சியிருக்கும் மொத்தச் சர்க்கரை தெரியும் என்று அவள்தான் சொன்னாள். பெருக்கிப் புள்ளி வைத்தோம். வழுவழுவென்று ஒரு கோடு இறங்கி வந்தது. நான் பொய்யாக வரைந்தேனே, கிட்டத்தட்ட அதே கோடு. அவள் எடுத்த ரீடிங்கை நம்பி இன்னும் ஆறு நாள் மெனக்கெட்டிருந்தால் நேர்மையாகவே கிடைத்திருக்கும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கோ என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நம்பர மாத்துனதுகூட பரவால்லடி. எல்லாரும் பண்றதுதான். என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. ஏன் இப்புடி வந்துச்சுன்னு கேட்டிருந்தா, எனக்கும் தெரியல, வா சேந்து பாப்போம்னு சொல்லிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறோம். மெதுவாகச் செய்கிறவள் என்றால் தப்பாகத்தான் செய்வாள் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்திருக்கிறேன்.

மறுநாள் துறைத்தலைவர் நோட்டை முழுக்கப் புரட்டிவிட்டு எங்கள் பெயரையே அனுப்பினார். ஒரு நிபந்தனையோடு. மேடையில் பேசுவது நான் இல்லை, ரீடிங் எடுத்தவள். எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அடுத்த பத்து நாளும் சாயங்காலம் அவளை நிற்க வைத்து, பேசவிட்டு, பயிற்சி கொடுத்தேன். திருச்சியில் அவள் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் பேசினாள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. கேள்வி நேரத்தில் யாரோ ஒருவர், மூன்றாம் நாள் ரீடிங் சரிதானா, ஏதும் பிழையாக இருக்காதா என்று கேட்டார். முதலில் எங்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது, அதனால் எல்லாவற்றையும் மறுபடி செய்து பார்த்தோம் என்று பதில் சொன்னாள். எங்களுக்கு என்று சொன்னாள். சந்தேகப்பட்டவள் நான் ஒருத்திதான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. செய்முறை வகுப்பில் ஒரு பிள்ளை ஒத்துவராத ரீடிங்கைக் கொண்டுவந்து காட்டும்போது, "தப்பு, போய்த் திரும்பப் பார்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். அதை அடக்கிக்கொண்டு, ஏன் இப்படி வந்தது என்று முதலில் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன். அன்றைக்கு அவளிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.