சீட்டில் போட்ட பை

இலங்கையில் எங்கள் ஊர் தெஹியோவிட்டவில் அவிசாவளை பஸ் வந்தால், ஜன்னல் வழியே பையைப் போட்டு இடம் பிடிப்போம். ஜப்பானுக்கு வேலைக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை.

நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டேஷன். எல்லாரும் வரிசையில் நிற்க, நான் இடையில் புகுந்து ரயிலேறி, சீட்டில் பையைப் போட்டேன். வரிசையின் கடைசியில் நின்ற தோழி மேரியை இழுத்து வர இறங்கினேன்.

என் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜப்பானிய அம்மா பதறி இறங்கி ஓடிவந்தார். கதவு மூடியது. எங்களோடு அவரையும் விட்டுவிட்டு ரயில் போய்விட்டது. அவரோ தலைகுனிந்து, இரண்டு கையாலும் பையை நீட்டினார்.

"நீ மறந்து வச்சிட்டு எறங்கிட்டேன்னு நெனச்சிட்டாங்கடி," என்றாள் மேரி. "உண்மையச் சொல்லிடவா?"

"வேணாம்டி."

அந்த அம்மா பிளாட்பாரத்தில் வரிசைக்காகக் கோடு போட்ட இடத்தில் மறுபடி தனியாகப் போய் நின்றார். அவருக்குப் பின்னால் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை.