மேசையில் வைத்த கத்தி

விவேகானந்தனின் ஓய்வுகால வாழ்க்கையில் கூர்மையாக எஞ்சியிருந்தது ஒரு கத்தி மட்டுந்தான். அதையும் மனைவி சத்தியபாமா பலாப்பழம் வெட்டப் பாவித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாண் நீளம், மடக்க முடியாதது. நில அளவைக் கந்தோர் ஜீப்பின் உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, கித்துள் மரத்தில் பிடி போட்டுக் கொடுத்தவர் சாரதி ஜமால்தீன். சட்டப்படி அந்தப் பட்டை இன்னும் அரசாங்கத்துடையது. அரசாங்கம் இதுவரை கேட்டு வரவில்லை. பன்வில மலைகளில் விவேகானந்தன் நில அளவை செய்த காலத்தில் அது அளவை முளைகளைச் சீவியது, மீன் ரின் திறந்தது, காலில் தொங்கிய அட்டைகளை வழித்தெறிந்தது. மழை பிடித்தால் கூடாரத்துக்குள் அவரும் ஜமால்தீனும் எதையாவது சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டைகளின் ருசி குண்டசாலை வீட்டில் எதிலும் இல்லை, தொலைக்காட்சி விவாதங்களிலும்கூட.

போன மாதம் ஜமால்தீன் வந்தார். பேரப்பிள்ளைகளைக் காடு காட்டக் கூட்டிப்போகிறாராம், கத்தி வேண்டுமாம். விவேகானந்தன் அதை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"எடும்."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது யாழ்ப்பாணத்திலிருந்து அவர் கொண்டுவந்த நம்பிக்கை. கூடாரத்தில் மேசை இல்லாததால் அங்கே அந்த நம்பிக்கைக்கு வேலை இருக்கவில்லை.

ஜமால்தீனின் முகம் சுருங்கியது. "நான் அடிச்ச கத்தி சேர். என்ட கையில தந்தா என்ன வந்திரும்?"

தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார், கத்தியும் எடுக்காமல்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெள்ளிதோறும் அவரிடமிருந்து வருகிற தொலைபேசி அழைப்பு நின்றுபோனது. அந்த மலைகளைப் பற்றிப் பேச விவேகானந்தனுக்கு வேறு ஆளில்லை.

"பகை வரக்கூடாதெண்டு மேசையில வச்சு, பகையை வரவழைச்சுப்போட்டியள்," என்றார் சத்தியபாமா. "போய்க் கையில குடுங்கோ, போங்கோ!"

பத்திரிகையில் சுற்றிய கத்தியோடு பஸ்ஸில் ஏறப் பயந்து, விவேகானந்தன் திரீவீலர் பிடித்து மஹய்யாவவில் இருந்த ஜமால்தீன் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற ஜமால்தீனிடம், பத்திரிகையைப் பிரித்துப் பிடிப்பக்கத்தை நீட்டினார்.

ஜமால்தீன் வாங்கினார். விளிம்பில் பெருவிரலை ஓட்டினார். புருவம் ஏறியது.

"எதுல தீட்டினீங்க இத?"

"சீமெந்துப் படியில. நானில்லை, மனுசி."

"சீமெந்துலயா! பிடியெல்லாம் பலாப்பால் வேற! உங்கள நம்பி இரும்பத் தந்தேனே, என்னத்தான் குத்தஞ் செல்லணும்!"

"நீர் பெரிய திறமோ? ஸ்பிரிங்கை உடைச்சது ஆர்? கண்ணை மூடிக்கொண்டெல்லோ ஜீப்பைக் குழிக்குள்ள விட்டனீர்!"

"குழி இல்லெண்டு செல்லி வரைபடத்த விரிச்சது யாரு சேர்? நானா?"

உள்ளேயிருந்து ஓடிவந்த ஜமால்தீனின் மனைவி மஸாஹிரா, றோட்டுக்குக் கேட்கும் என்று பயந்து இருவரையும் உள்ளே கூட்டிக் கதவைச் சாத்தினார். விவேகானந்தன் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.