எனக்கு மட்டும் தனித் தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நானே கைடு. தூத்துக்குடியில் ஒரு ‘ஃபுட் வாக்’. கையில் போன், காலில் புது ஷூ, வயிற்றில் நிறைய இடம்... வேறென்ன வேண்டும்?

காலையில் பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கி மக்ரூன் தின்றேன். காயல்பட்டினம் போய்க் களரிக்கறி சாப்பிடாவிட்டால் இந்தப் பக்கம் வந்ததே வீண் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். விடுவேனா? திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

காயல்பட்டினத்தில் இறங்கித் தெருத்தெருவாக நடந்ததில் ஒரு ஹோட்டலிலும் அது இல்லை. ஒரு வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல். உள்ளேயிருந்து நெய்யும் மசாலாவுமாக வாசனை. வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தவரிடம், “களரிக்கறி எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். “அது கடையில கிடைக்காது சார். கல்யாண வீட்டுச் சாப்பாடு. இங்கன தான் வெந்துக்கிட்டு இருக்கு, உள்ள வாங்க.”

அவர் பெயர் செய்யது. மணப்பெண்ணின் மாமா. கல்யாணத்துக்காகவே துபாயிலிருந்து வந்திருக்கிறார். நான் வேண்டாமென்று மறுத்தேன் — ஒப்புக்குத்தான்.

அங்கே சாப்பாடு சஹனில். பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோறும் கறியும் அதில் குவித்திருக்கும். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது வழக்கம். முன்பின் தெரியாத என்னைத் தனியாக விடக்கூடாது என்று, வாசல் வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார் செய்யது. பக்கத்தில் அவர் மச்சான்.

“நீங்க கை வைங்க சார். விருந்தாளி ஆரம்பிச்சாத்தான் நாங்க சாப்பிடுவோம்.”

அப்போதுதான் என் வாய் திறந்தது. “எனக்கு மட்டும் தனியா ஒரு பிளேட் கிடைக்குமா?”

மச்சான் தலை குனிந்துகொண்டார். செய்யது என்னைப் பார்த்தார்.

“எங்க கூட சாப்பிட ஒரு மாதிரியா இருக்கா சார்?”

“சேச்சே... லேசா சளி. உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுல்ல.”

பொய். எனக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவர் எழுந்துபோய் ஒரு தட்டைக் கழுவிக் கொண்டுவந்து, நல்ல கறித் துண்டுகளாகப் பார்த்து எனக்கு வைத்தார். அதன் பிறகு அவர் உட்காரவில்லை. பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே இருந்தார். மச்சானும் வேறு சஹனுக்குப் போய்விட்டார். அத்தனை பேர் கூடியிருந்த பந்தலில் தனியாகச் சாப்பிட்ட ஒரே ஆள் நான்தான்.

சுத்தம் பார்த்தேனா? ஆபீஸில் ஒரே பிரியாணி டப்பாவில் எத்தனை கைகளோடு என் கையும் போயிருக்கிறது! நண்பன் பாதி குடித்த காபியைப் பிடுங்கிக் குடிப்பவன் நான். அங்கெல்லாம் வராத கூச்சம் இங்கே மட்டும் ஏன் வந்தது? சாதி, மதம் எதுவும் பார்க்காதவன் என்று இதே பக்கத்தில் எழுதி மார்தட்டியவன் நான். எழுதும்போது பார்ப்பதில்லை, சரி... சாப்பிட உட்கார்ந்தால்? ஊருக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பந்தலை விட்டுக் கிளம்பும்போது மன்னிப்புக் கேட்க நினைத்தேன். என்னவென்று கேட்பது? சளி என்று சொன்னது பொய் என்றா? “சாப்பாடு பிரமாதம்” என்று மட்டும் சொன்னேன். தெருமுனை வரை கூடவே வந்தார் செய்யது.

“அடுத்த தடவ வந்தா ஒரு போன் போட்டுட்டு வாங்க சார். முன்னாடியே தனித் தட்டு எடுத்து வச்சிருதேன்.”

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்... அந்த மனுஷன் நிஜமாகவே எடுத்துவைப்பார்.