உப்புக் கம்மி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த பெரியவரை எழுப்பி, யாருடைய பிறந்தநாளுக்கோ சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து அந்த ஒரு பொட்டலத்தைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் பிரித்ததும் ஊசிப்போன தக்காளிச் சோற்றின் வாடை என் வரைக்கும் வந்தது.

அதே வாடை என் சின்ன வயதில் ஒருநாள் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலிலும் அடித்தது. ரயில்வே ஸ்டேஷனில் வீடில்லாமல் கிடந்தவர்களுக்கு அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு மத்தியானச் சோறு கொண்டுபோவாள். அங்கே புண்ணையும் ஈயையும் பார்த்துவிட்டு வந்து அவளால் சாப்பிட முடியாத நாட்கள் உண்டு. ஆனாலும் அவர்கள் எதிரிலேயே ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் பரிமாறுவாள். அன்று சொந்தக்காரர் ஒருவர், கல்யாணத்தில் மிஞ்சிய சாம்பார் சாதத்தை அண்டாவோடு கொண்டுவந்து இறக்கினார். மேலெல்லாம் நுரை கட்டியிருந்தது.

"அவியளுக்கு இது போதும்மா" என்றார்.

"நீங்க ஒரு வாய் தின்னுங்க, பொறவு கொண்டு போறேன்" என்றாள் அத்தை.

அவர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தை அவசரமாக வடித்துக் கொண்டுபோன சோற்றை வாயில் வைத்த ஒருவர், "உப்புக் கம்மி தாயி" என்று முகம் சுளித்தார். வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் அத்தை.

"பாருட்டி, நம்ம வீட்டு ஆளு மாதிரி குறை சொல்லுதாரு!"

பஸ் ஸ்டாண்டுப் பெரியவர் குறை எதுவும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு அந்தச் சோற்றை அள்ளினார். "வேண்டாம்யா, வேற வாங்கித் தாரேன்" என்று பொட்டலத்தை வாங்கிப் போய் அந்த நாலு பேரிடம் நீட்டினேன்.

"இதுல ஒரு வாய் தின்னுங்க."

"ஐயோ, நாங்க ஓட்டல்ல பிரியாணி சொல்லியிருக்கோம்க்கா" என்றான், கன்னத்தில் கேக் பூசியிருந்தவன்.