கொல்லைக் கதவின் அடிப்பலகை

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் பூனைக்கு ஒரு வழி வைக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. வேலை என்று பார்த்தால் அரை மணி நேரம்தான். மீதி நாட்கள் எல்லாம் நான் வாயைத் திறக்காததால் போனவை. இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் டெங்கு வந்தது. என் மனைவி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆள் வைத்து எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடித்தாள். கதவைத் திறந்தால் மறு நிமிடம் சாத்திவிட வேண்டும். அதுவரை எங்கள் பூனை அடுப்படி ஜன்னல் வழியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. ஆறு வருடப் பழக்கம். அது வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. அவள் தைத்தாள். அது மறுபடியும் கிழித்தது. புது வலை அடித்தோம். அதையும் கிழித்தது.

ஆடி மாதம், மூன்றாவது முறை கிழிந்த அன்று அவள் சொன்னாள்: “இன்னொரு தடவை கிழிச்சிச்சின்னா சாக்குல கட்டிக் கொண்டுபோய் திருவேட்டக்குடி கடக்கரையில விட்டுட்டு வந்துடுவேன். மீனா தின்னுக்கிட்டு மகராசியா இருக்கட்டும்.”

“அங்க நாய் இருக்கு” என்றேன்.

“இங்க கொசு இருக்கு.”

அவள் சொன்னால் செய்துவிடுவாள். அவள் பக்கம் நியாயமும் இருந்தது. அந்த ஒன்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆனால் பூனையைக் கொண்டுபோய் விட எனக்கு மனமில்லை. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி. சாயங்காலம் வந்து கொல்லைப்படியில் உட்கார்ந்து, பூனைக்கு மத்தி மீனை ஆய்ந்து போடும்போதுதான் அன்றைக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்வேன். அது கேட்கிறதோ இல்லையோ, குறுக்கே பேசாது.

கொல்லைக் கதவின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, தள்ளினால் திறந்து தானாக மூடிக்கொள்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைத்தால் வலையும் தப்பும், பூனையும் தப்பும். யோசனை எனக்குத்தான் வந்தது. ஆனால் வீடு எங்களுடையது அல்ல. வீட்டுக்காரர் பிரான்சில் இருக்கிறார். முன்னறையில் அவருடைய சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டு, மற்றதை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். கதவெல்லாம் அவருடைய அப்பா இழைத்து வைத்தது. பதினொரு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அவரைக் கேட்காமல் ஒரு காலண்டருக்குக்கூட ஆணி அடித்தது இல்லை.

முதலில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அப்படி ஒரு கதவு கடையில் விற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

“அண்ணே, உங்களுக்கு என்ன?” என்றார் கடைக்காரர்.

“பூனைக்கு ஒரு கதவு” என்றேன்.

“எதுக்கு?”

“பூனைக்கு.”

“பூனைக்குத் தனிக் கதவா! காலிங் பெல்லும் வச்சுடலாமாண்ணே?”

கடையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. “இல்ல, ஒரு தாழ்ப்பா குடுங்க” என்று சொல்லி, தேவையில்லாத ஒரு தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு வந்தேன். அது இன்னும் அலமாரியில் அப்படியே கிடக்கிறது.

அடுத்தது வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் தினமும் காலையில் போனில் ஒரு ரோஜாப் பூப் படம் அனுப்புவார். பேசுவதைவிட எழுதிக் கேட்பது சுலபம் என்று நினைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. போனில் எழுத்துக்களைத் தேடிப்பிடித்து “சார் பூனைக்கு” என்று எழுதினேன். அழித்தேன். “கொல்லைக் கதவில்” என்று ஆரம்பித்தேன். அதையும் அழித்தேன். இப்படியே கால் மணி நேரம் போனது. போன் மணியடித்தது. அவரேதான்.

“என்ன தம்பி, ரொம்ப நேரமா எழுதிக்கிட்டு இருக்கீங்கன்னு காட்டுது. ஒண்ணும் வரலையே?”

“ஒண்ணுமில்ல சார். இங்க மழை இல்ல. அதச் சொல்லலாம்னு.”

“அதுக்கா இவ்வளவு நேரம்? ஆடியில ஏது தம்பி மழை! சரி, வீடெல்லாம் நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு சார்.”

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “கேட்டுத் தொலைங்களேன். போன் வழியா கைய நீட்டி அடிக்கவா போறாரு?”

அவரைக் கேட்காமலே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். நெடுங்காட்டிலிருந்து ஒரு தச்சரை வரச் சொன்னேன். வந்தார், டீ குடித்தார், கதவை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு எதையும் தொடாமல் வீட்டைச் சுற்றிவந்து கதவுகளை எண்ணினார்.

“எட்டு வாசல் இருக்குங்க. இது வச்சா ஒம்போது. வீட்டுக்கு ஒத்தப்படை ஆகாது.”

“பூனைக்குத்தாங்க” என்றேன்.

“பூனை பறந்தா வருது? நடந்து வர்ற வழிக்குப் பேரு வாசல்தானுங்க.”

“அப்ப இன்னொண்ணும் வச்சுட்டா?”

“பத்து. சைபர்ல முடியும். அதுக்கு ஒம்போதே தேவலை. பன்னெண்டா வேணா பண்ணிடலாம், பாத்ரூம் கதவுல ஒண்ணு, தோட்டத்துக் கேட்டுல ஒண்ணு...”

ஒரு பூனைக்கு நான்கு வாசல். என் மனைவி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். இது என்ன கணக்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவரும் நல்ல மனிதர்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து கதவின் அடியைக் காட்டினார். கதவின் கீழ்ப்பாகத்தில் ஒரு தனிப் பலகை, ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம். உள்பக்கம் நாலு ஓரமும் மெல்லிய சட்டங்களை ஆணியடித்து அதைப் பிடிக்க வைத்திருந்தார்கள்.

“சட்டத்தக் கழட்டுனா பலகை தனியா வந்துடும். அந்த எடத்துல ஒட்டுப்பலகை ஒண்ண வச்சு ஓட்டை போட்டுக்குங்க. அசல் கதவை அறுக்கல, வாசக் கணக்கும் கெடல. வீட்டுக்காரரு வந்தா பழையத மாட்டிடுங்க. ஆனா நான் செய்ய மாட்டேன். நீங்களே செஞ்சுக்குங்க.”

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். பூனை மீன் தின்னும்போது அதன் வயிற்றைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு அளவெடுத்தேன். சட்டங்களை நெம்பி ஒவ்வொரு ஆணியையும் நிமிர்த்தி டப்பாவில் போட்டேன். பலகை கையோடு வந்தது. ஒட்டுப்பலகையில் ஓட்டை போட்டு, கம்பெனியில் கிடந்த ரப்பர் துண்டைத் திரை மாதிரி தொங்கவிட்டு, பலகை இருந்த இடத்தில் திருகாணி போட்டு மாட்டினேன். பூனை முதல் நாள் மோந்து பார்த்தது. இரண்டாம் நாள் நான் மீனைக் காட்டியதும் தலையை விட்டது. நாலாம் நாள் அதுபாட்டுக்கு வந்து போனது. ஒரு மாதம் வலையில் ஒரு கீறல் இல்லை.

“பரவாயில்ல, இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் அவள்.

அசல் பலகையைப் பத்திரப்படுத்த வேண்டும். அது வீட்டுக்காரருடைய அப்பாவின் கைவேலை. அதில் கறையான் ஏறிவிட்டால் என்ன செய்வேன்? எங்கள் கம்பெனியில் ஐஸ் உறைகிற தொட்டிக்கு மூட்டை மூட்டையாக உப்பு வரும். காலியான உப்புச் சாக்கில் கறையானோ பூச்சியோ அண்டாது. இருபது வருடமாகப் பார்த்த விஷயம். ஒரு உப்புச் சாக்கில் பலகையைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இதைவிடப் பத்திரமாக ஒரு பொருளை யாரும் வைக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையிலும் விடவில்லை. கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“தம்பி, பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டு வர்றேன். வர்ற வாரம் அங்க இருப்பேன்.”

அன்றைக்கே சாக்கை வெளியே இழுத்தேன். கையில் ஈரம் ஒட்டியது. சாக்கு நனைந்த துணி மாதிரி கனத்தது. மழைக்காலத்தில் உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் குடிக்கும். அடுப்படியில் உப்புச் சாடி கசிவதைத் தினமும் பார்க்கிறவன் நான். இது எப்படி மறந்துபோனதோ தெரியவில்லை. பலகை ஈரத்தைக் குடித்துக் குடித்து ஊதிக் கிடந்தது. கதவும் மழையில் ஊதியிருந்தது. ஒட்டுப்பலகையைக் கழற்றிவிட்டு இதை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் இடித்தது. திருப்பி வைத்தேன். முழங்காலால் அழுத்தினேன். துணியை வைத்துச் சுத்தியால் தட்டினேன். இம்மி நகரவில்லை.

தச்சருக்குப் போன் செய்தேன்.

“சீவிட முடியாதாங்க?”

“மழையில ஊதுன மரத்த சீவக் கூடாதுங்க. வெயில் வந்தா சுருங்கி ஆடும். தை பொறக்கட்டும்.”

“வீட்டுக்காரர் வர்ற வாரமே வர்றாருங்க.”

“அப்ப அவர தையில வரச் சொல்லுங்க.”

போனைக் கட்டிலில் எறிந்தேன். பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தேன். மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். துணி இஸ்திரி போடும் பெட்டியைச் சூடாக்கி மேலே தேய்த்தேன். ஒரு வாரம் வேலை விட்டு வந்ததும் இதே பாடு. அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

“பலகை உள்ள போயிட்டா பூனைக்கு என்ன வழின்னு யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை. பலகையை மாட்டினால் பூனை வெளியே. பூனை வெளியே இருந்தால் வலை கிழியும். வலை கிழிந்தால் திருவேட்டக்குடி. மாட்டாவிட்டால் வீட்டுக்காரர் முன்னால் நான் நிற்க வேண்டும். இரண்டையும் தாண்டுவதற்கு ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஆறு மாதமாக இந்தப் பாடு.

வீட்டுக்காரர் வந்தார். வந்த அன்று உறவுக்காரர்கள் கூட்டம். எப்படிச் சொல்வது? மறுநாள் காலையில் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து, பலகையைச் சாக்கோடு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அங்கே வீட்டுக்காரரோடு வேலைக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். கொல்லைக் கதவு நிலையில் இல்லை. கழற்றிச் சுற்றுச்சுவரில் சாய்த்திருந்தார்கள். என் ஒட்டுப்பலகையும் ரப்பர் திரையும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

“வாங்க தம்பி” என்றார் வீட்டுக்காரர். “மழை வந்தா எல்லாக் கதவும் ஊதிக்குது. அப்பா வச்ச கதவுன்னு எத்தனை வருசம்தான் இழுத்து இழுத்துச் சாத்துறது? எல்லாத்தையும் அலுமினியமா மாத்திடலாம்னு வந்தேன். இந்தக் கதவ விறகுக்கு வச்சுக்குங்க.”

கையில் சாக்கோடு நின்றேன். அவர் அந்தக் கதவின் அடியை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. புதுக் கதவு தரையில் கிடந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே தகடு, ஊசி நுழைய இடமில்லை. சுவர்மேல் பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலில் என் மனைவி, முதலில் பூனையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அறுக்கிற இயந்திரத்தை ஓட்டினார்கள். “சார்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. “சார், பூனைக்கு...” என்றேன். காதில் கையை வைத்துக்கொண்டு “என்ன?” என்றார். மூச்சை இழுத்து முழுத் தொண்டையில் கத்தினேன். அதே நேரம் இயந்திரம் நின்றது.

“பூனைக்கு ஒரு வழி விடுங்க சார்!”

பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். வேலைக்காரர்கள் திரும்பினார்கள்.

“இதுக்கு ஏன் தம்பி கத்துறீங்க?” என்றார் வீட்டுக்காரர். “அங்க எங்க தெருவுல பாதி வீட்டுக் கதவுல பூனைக்கு வழி இருக்கும். ஆடியில நீங்க எழுதி எழுதி அழிச்சது இதத்தானா? சொல்லியிருந்தா நானே ஒண்ணு வாங்கிட்டு வந்திருப்பேனே!”

“அதையே நானும் சொன்னேன்” என்றாள் என் மனைவி.

அலுமினியக்காரர் என்னைப் பார்த்து, “எத்தனை இன்ச்ங்க?” என்றார். சட்டைப் பையிலிருந்து அந்த நூலை எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வெட்டி, கீல் வைத்து, காந்தம் ஒட்டி முடித்துவிட்டார். வாசல்கள் ஒன்பதா பத்தா என்று யாரும் எண்ணவில்லை.

பழைய கதவை நான் விறகாக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. பங்குனி வெயிலில் ஒருநாள் ஒட்டுப்பலகையைக் கழற்றிவிட்டு, அசல் பலகையை எடுத்து அதில் வைத்துப் பார்த்தேன். தட்ட வேண்டியிருக்கவில்லை. தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய சட்டங்களையும் டப்பாவில் இருந்த ஆணிகளையும் எடுத்துவந்து நாலு ஓரமும் அடிக்க ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். “சுவத்துல சாத்துன கதவுக்கு ஆணி எதுக்கு?”

கடைசி ஆணி வரைக்கும் அடித்தேன். பூனை புது வழியாக வெளியே வந்து, சத்தம் பிடிக்காமல் மறுபடி உள்ளே போய்விட்டது.