கல்லில் இல்லாத இரண்டாவது விசில்

செஞ்சிக் கடைவீதியில் முதன்முதலாக மூன்று மாடிக் கடைகள் கட்டியது நான். அனந்தபுரம் சாலையில் கல்யாண மண்டபம், அவலூர்பேட்டையில் அரிசி ஆலை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்று, சாந்துச் சட்டி தூக்கி வளர்ந்தவன். உள்ளூர்க் கல்லூரியின் கூடைப்பந்துத் தளமும் என் கைவேலைதான். பாறையை உடைத்து, மட்டம் பார்த்து, மழைத்தண்ணீர் ஒரு சொட்டு தேங்காமல் போட்டேன். இன்றுவரை விரிசல் கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வது, பாயும் நானும் நடுவர் ஜோடியாக இருந்ததைத்தான்.

பாய் இரும்புக்கடைக்காரர். தளத்துக்குக் கம்பி கொடுத்தவர். அங்கே ஆட்டம் பார்த்துப் பார்த்து இருவருக்கும் பைத்தியம் பிடித்தது. விழுப்புரத்தில் நடுவர் வகுப்பு என்றார்கள், சேர்ந்தோம். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில். பாய் ஆணி நிறுத்துக்கொண்டே தமிழில் சொல்வார். நான் கல்லாப் பக்கத்தில் நின்று சைகை செய்து காட்டுவேன். மூடிய கை என்றால் ஃபவுல். திறந்த உள்ளங்கை என்றால் விதிமீறல். கடிகாரம் நிற்கும். என்ன மீறல் என்று அடுத்த சைகை வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினேன். செய்முறையில் என்னைப் போல் கை காட்டியவன் அந்த வகுப்பிலேயே இல்லை.

போட்டி என்றால் கல்லூரியின் பி.டி. சார் பாய்க்குத்தான் போன் செய்வார்.

"மேஸ்திரியையும் சேத்து கூப்டுங்க சார். இல்லன்னா நானும் வர்ல" என்பார் பாய்.

பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, கவரில் ஏதோ கொஞ்சம். அவ்வளவுதான் எங்கள் கூலி.

"உனுக்கு இன்னா மேஸ்திரி, மண்டபம் கட்டுன கோடீஸ்வரன். டீ நீ வாங்கு" என்று கிண்டல் செய்வார்.

போன வருடம் நான் போட்ட தளத்தில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி. பாய் வளையத்தின் கீழே, நான் நடுக்கோட்டருகே. பாய் விசில் ஊதி உள்ளங்கையை உயர்த்தினார். கடிகாரம் நின்றது, ஆட்டக்காரர்கள் நின்றார்கள். அடுத்த சைகைக்காக நான் அவர் கையையே பார்த்திருந்தேன். கை அப்படியே இருந்தது. புள்ளி எழுதும் மேசையில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். விதி அப்படி, ஒருவரும் அசையவில்லை. பிறகு பாய் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஓடிப்போய் மடியில் தாங்கினேன்.

"இன்னா பாய், இன்னா மீறல்?" என்று கேட்டேன். வேறு வார்த்தை என் வாயில் வரவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

அதன்பின் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. தளத்தின் வாசலில் பாய் பேரில் கல் வைத்தார்கள். 'கடைசிவரை தனியொருவராக ஆட்டங்களை நடத்தியவர்' என்று வெட்டியிருந்தது. பி.டி. சாரிடம் போய் நின்றேன்.

"பெரியவரே, செத்தவர் பேரோட இன்னாத்துக்குப் போட்டி?" என்றார்.

"போட்டி இல்ல சார். ஒத்த ரெஃப்ரிய வெச்சி எவனாவது ஆட்டம் நடத்துவானா? பாய் இருந்தா இந்தக் கல்ல வைக்க வுடுவாரா?"

அவர் விசிலை எடுத்துக்கொண்டு தளத்துக்குள் போய்விட்டார்.

கல்லூரிக்காரர்களுக்குச் சொல்கிறேன். பாய் பேருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. வெட்டுகிற கூலியை நானே தருகிறேன். அந்தத் தளத்தைப் போட்டவன் நான். அவர் கை எப்போது இறங்கும் என்று எதிரே நின்று பார்த்திருந்தவனும் நான். 'தனியொருவராக' என்பதை அடித்துவிட்டு, என் பேரை அந்த வரியில் வெட்டுங்கள்.