எல்லப்பனின் வாய்

எல்லப்பனுக்கு மெதுவாகப் பேச வராது. ஆரணியில் விசைத்தறி ஷெட்டில் பதினெட்டு வருஷம் நின்றவன். பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்டாலும் அடுத்த தெருக்காரர் சொம்போடு வருவார். அவன் சொன்ன ரகசியங்களை ஊரே சேர்ந்துதான் காப்பாற்றி வருகிறது.

அவனோடு பறவை பார்க்கப் போகும் தலையெழுத்து அவன் அக்காள் புருஷன் மணவாளனுக்கு. தபால் ஆபீஸ் குமாஸ்தாவான அவரிடம் பைனாகுலர் இருந்தது, வண்டி இல்லை. எல்லப்பனிடம் மொபெட் இருந்தது. அதை அவன் யார் கையிலும் தரமாட்டான்.

இரண்டாயிரத்து மூன்று, பங்குனி. தேவிகாபுரம் பக்கத்து ஏரியில், தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. கரையோரக் கூட்டில் நான்கு முட்டைகள். ஒரு குஞ்சையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் மணவாளனுக்கு.

முதல் ஞாயிறு, பதுங்கிப் பதுங்கி வந்த எல்லப்பன் அவர் காதோரம் கேட்டான்: "மாமா, முட்டை மேலயா குந்திகினு கீது?"

ஏரியே எழுந்து பறந்தது. நாரை திரும்புவதற்குள் காக்கை இறங்கி ஒரு முட்டையைக் கொண்டுபோனது.

"மெதுவா பேசுன்னேன்ல?"

"மெதுவாத்தான் மாமா பேசினேன்."

பொய்யில்லை. அதுதான் பேஜார்.

அடுத்த ஞாயிறு வாயே திறப்பதில்லை என்று அக்காள் மேல் சத்தியம் செய்தான். அரைமணி நேரம் கல்லு மாதிரி இருந்தான். பிறகு, "பாத்தியா மாமா, நான் பேசவே இல்ல" என்றான். இன்னொரு முட்டை போயிற்று.

இனி வராதே என்று சொல்லிவிட மணவாளன் ஷெட்டுக்கே போனார். முப்பது தறி இரைச்சலில் எல்லப்பன் தூரத்துத் தறிக்காரனோடு கையாலேயே பேசிக்கொண்டிருந்தான். கட்டைவிரலைச் சுழற்றினால் தறியில் புதுப் பாவு நூல் ஏறியாச்சு. உள்ளங்கையை மடக்கினால் நிறுத்து. எதிரில் இருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மணவாளன் வந்த விஷயத்தை விழுங்கிவிட்டு, "எனக்கும் சொல்லிக் குட்றா" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, கரையில் சத்தமே இல்லை. நாரை எழுந்து நின்றது. அறுந்த இழையைப் பத்தடியிலேயே பிடிக்கிற கண் எல்லப்பனுடையது. அவன் கட்டைவிரல் மெல்லச் சுழன்றது. மணவாளன் பைனாகுலரைத் திருப்பினார். முட்டை ஓட்டுக்குள்ளிருந்து ஈரமாக ஒரு தலை, நிற்கத் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சுடா எல்லப்பா!"

கத்தியவர் மணவாளன். நாரை போய்விட்டது. காக்கை வந்துவிட்டது.

அப்போது எல்லப்பன் எழுந்து நின்று, பதினெட்டு வருஷத் தறியையும் சேர்த்து வைத்த குரலில் ஒரு அதட்டு அதட்டினான். காக்கை கொட்டிய இறகைக்கூட எடுக்காமல் ஓடிற்று. வெகுநேரம் கழித்து நாரை வந்து குஞ்சின்மேல் அமர்ந்தது. அதுவரை அவன் உட்காரவேயில்லை.

வீடு திரும்பும் வழியில் மணவாளன், "ஏதோ சந்தோஷத்துல..." என்று ஆரம்பித்தார். எல்லப்பன் ரோட்டைப் பார்த்தபடியே இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை மடக்கினான்.